நடபடி அக்கா

கதவைச் சாத்திவிட்டு, விரிப்புகள் அடுக்கிய இரண்டு அலமாரிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து, கைப்பேசியை மருந்துக் கரண்டி மாதிரி வாயருகே பிடித்துக்கொள்கிறார். தொண்டையை இரண்டு தரம் செருமுகிறார். கட்டைவிரல் பொத்தானை அழுத்துகிறது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நேத்து எங்க விட்டோம்? பேதுரு வெளியில நின்னு கதவைத் தட்டிட்டு இருக்கார். ரோதைன்னு ஒரு பொண்ணு வந்து குரலைக் கேட்டா. திறந்தாளா? திறக்கல. சந்தோஷத்துல உள்ள ஓடிட்டா! பாவம் மனுஷன், ஜெயில்லேர்ந்து தப்பிச்சு வந்தவர், தெருவுல நிக்கிறார்."

காலை ஐந்தே முக்கால் மணி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்கட்டில் இருக்கும் சலவைப் பகுதி. ஆறு மணிக்கு மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர் காதில் கத்தினாலும் கேட்காது. அதற்குள் பேசி முடிக்க வேண்டும். பேசுவதற்குத் துணி அறையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. "துணி சத்தத்தைக் குடிச்சிடும். ரேடியோ ஸ்டேஷன்ல பேசுற மாதிரி விழும், கேட்டுப் பாருங்க" என்பார். உண்மைதான். அந்த ஆடியோவில் அவர் குரலைத் தவிர வேறொன்றும் இருக்காது. எப்போதாவது ஒரு தும்மல்.

சலவைப் பகுதியின் மேற்பார்வையாளர் அவர். வயது ஐம்பத்து இரண்டு. குள்ளம், ஆனால் நடை நெட்டையான ஆளின் நடை. ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு 'நடபடி அக்கா' என்றுதான் பெயர். வேதத்தில் ஆதிச் சபையின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளைத் தவிர வேறெதையும் அவர் தினத் தியானத்துக்கு எடுப்பதில்லை. தினம் ஒரு துண்டு, நாலே நிமிடம். கடைசி அதிகாரம் முடிந்தால் மறுநாள் முதல் அதிகாரம். இப்போது ஓடுவது மூன்றாம் சுற்று.

"மத்ததெல்லாம் பெரியவங்க சொல்லட்டும். இது நம்ம கதை. வேலைக்குப் போனவங்க, கூட்டம் போட்டவங்க, சண்டை போட்டவங்க, கப்பல் கவுந்து நீச்சல் அடிச்சவங்க. அந்தச் சபையில முதல் முணுமுணுப்பு எதுக்கு வந்துச்சு தெரியுமா? சாப்பாட்டுக்கு! எங்க வீட்டு விதவைகளுக்குச் சரியாப் பரிமாறலன்னு. இதைப் படிச்சப்பதான் எனக்கு அவங்க மேல நம்பிக்கையே வந்துச்சு."

நாலு நிமிடத்துக்கு மேல் போவதே இல்லை. ஏனென்று கேட்டால், பவுல் நீட்டிப் பேசியதில் ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கி வழிந்து மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து செத்ததையும், பவுல் அவனை உயிரோடு எழுப்பியதையும் சொல்வார். "பவுலே பேசி ஒருத்தன் விழுந்தான். நான் எம்மாத்திரம்? எனக்கு எழுப்பிவிடவும் தெரியாது."

வாட்ஸ்அப் குரூப்பில் கேட்பவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர். வார்டு ஆயாக்கள், லிஃப்ட் இயக்குபவர், சமையலறை ஆட்கள், மூன்று வருடம் முன்பு குணமாகி வீட்டுக்குப் போன ஒரு நோயாளி, அவருடைய மனைவி, மனைவியின் தங்கை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரும் உண்டு. அதிகார எண்ணில் அக்கா ஒன்று தப்பினாலும் அடுத்த நிமிடமே அவரிடமிருந்து திருத்தம் வந்து விழும். "சார் இருக்கிற தைரியத்துலதான் நான் தப்பா சொல்றேன்" என்று பதில் போடுவார் அக்கா.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முன்னால் ஓடமாட்டார். இன்றைய பகுதி எங்கே முடிகிறதோ அங்கேயே நிற்பார். நாளை என்ன நடக்கும் என்று தெரிந்தாலும் சொல்லமாட்டார். கதையில் ஸ்தேவான் என்ற விசுவாசியைக் கல்லெறிந்து கொன்ற அன்று, அடக்கம் பண்ணி அழுதார்கள் என்பதோடு நிறுத்திவிட்டார். ஓர் ஆயா எழுதினார்: "அக்கா மனசு கனமா இருக்கு, ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லுங்க." அக்கா எழுதினார்: "அவங்களுக்கும் அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு. நாளைக்குப் பார்ப்போம்."

ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது ஒரே கேள்விதான் கேட்பார். "சரி. கேட்டாச்சு. இன்னைக்கு நடபடி என்ன?" ஆமென் சொல்வதை அதற்கு அப்புறம்தான் வைத்துக்கொள்வார். வேலையிலும் அதே கேள்விதான். மெஷினில் தண்ணீர் ஒழுகுகிறது என்று யாராவது வந்து விவரம் சொன்னால் முழுவதும் கேட்டுவிட்டு, "நடபடி என்ன?" என்பார். வாளி வைத்தாயா, ஆளைக் கூப்பிட்டாயா என்று பொருள்.

இந்தத் தியானத்தை அவர் தனியாக ஆரம்பிக்கவில்லை. கூட ஒருவர் இருந்தார். இஸ்திரி ரோலர் இயக்குபவர். அக்காவைவிட நாலு வயது மூத்தவர். எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பதால் அவர் 'மெதுவா அண்ணன்' ஆகிவிட்டார். செவ்வாயும் வெள்ளியும் அவர் பேசுவார். மற்ற நாட்கள் அக்கா. பதினெட்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். அக்காவின் வீட்டுக்காரருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது அறைக்கு வெளியே உட்கார்ந்து கிடந்தவர் அவர்தான். அப்படிப்பட்ட இரண்டு பேரும் போன வருடம் பிரிந்தார்கள்.

காரணம் ஒரு தையல்காரி. கிழிந்த விரிப்புகளையும் தலையணை உறைகளையும் ஒட்டுப்போட்டுத் தைக்கிறவள். நல்ல வேலைக்காரி, அவள் போட்ட ஒட்டு இருக்கும் இடம் தெரியாது. அதற்கு முந்தின வருடம், காய்ச்சல் பரவிய மோசமான வாரம் ஒன்றில் வார்டுகளிலிருந்து வழக்கத்தைப் போல மூன்று பங்கு துணி வந்து இறங்கியது. நாலு மெஷினில் இரண்டு படுத்துவிட்டன. ஆறு பேர் பகலும் இரவும் மாறி மாறி நின்றார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் தையல்காரி ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சாப்பிடப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். திரும்பி வரவில்லை. போனை அடித்தால் எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் மெதுவா அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். அவருடைய ரோலரில் அக்கா நின்றார். பழக்கமில்லாத கை, இடது முழங்கைக்குக் கீழே பட்டுக் கன்றிய வடு இன்றும் இருக்கிறது. யாராவது கேட்டால் முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

ஒரு வருடம் கழித்து அதே தையல்காரி மறுபடி வேலை கேட்டு மனுப் போட்டாள். இடம் காலியாகத்தான் இருந்தது. மேற்பார்வையாளர் பரிந்துரை எழுதினால் போதும். மனுவை அக்கா மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். மெதுவா அண்ணன் சாப்பாட்டு இடைவேளையில் வந்து நின்றார்.

"மெதுவா யோசிம்மா. ஒரு தடவை பயந்துட்டா. அதுக்காக ஆயுசுக்கும் கதவைச் சாத்துறதா?"

"அண்ணே, அன்னைக்கு நானும் பயந்தேன். நீங்களும் பயந்தீங்க. நாம ஓடினோமா?"

"ஓடல. அதனால என்ன?"

"அதனால போனவளும் நின்னவளும் ஒண்ணுன்னு என்னால எழுத முடியாது."

"ஒண்ணுன்னு யாரு எழுதச் சொன்னா? தைக்கத் தெரியும்னு எழுது, போதும். அவ ஓடினதால படுத்தவன் நான். நானே சொல்றேன்ல?"

"துணின்னா ஒட்டுப் போடலாம்ணே. ஆளுக்கு ஒட்டுப் போட முடியாது."

சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். மெதுவா அண்ணன், "நீ பேசுறது உன் காதுல விழுதா?" என்றார். 'மெதுவா' என்று ஆரம்பித்தவர் அது இல்லாமல் பேச்சை முடித்ததை அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள். போய் ரோலரை அணைத்தார். அடுத்த வாரமே அறுவைச் சிகிச்சைக் கட்டடத்தின் துணிப் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அங்கிருந்து தனியாக ஒரு குரூப் ஆரம்பித்துத் தியானம் சொல்ல ஆரம்பித்தார். அக்காவின் குரூப்பை விட்டும் விலகவில்லை, ஆனால் பேசுவதில்லை. கேட்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். பாதிப் பேர் இரண்டிலும் இருந்தார்கள். காலையில் வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று என்று இரண்டு தியானம் கேட்டுவிட்டு வேலைக்கு ஓடினார்கள்.

அக்கா தினம் ஒரு துண்டாகத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தார். போகிற வழியில் பதினைந்தாம் அதிகாரத்தின் முடிவு வந்து நின்றது.

அது பவுலும் பர்னபாவும் சண்டை போட்ட இடம். மறுபடி ஊர் ஊராகப் போய்ச் சகோதரர்களைப் பார்த்து வரலாம் என்கிறார் பவுல். மாற்கையும் கூட்டிக்கொள்வோம் என்கிறார் பர்னபா. பவுல் முடியாது என்கிறார். முந்தைய பயணத்தில் பாதி வழியில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனவன் அவன். வாக்குவாதம் முற்றுகிறது. ஒருவர் மாற்கைக் கூட்டிக்கொண்டு கப்பலேறுகிறார். இன்னொருவர் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டு வேறு பக்கம் போகிறார். அவ்வளவுதான்.

முந்தின நாள் மாலையே கணக்கு வாத்தியார் எழுதியிருந்தார்: "நாளை பதினைந்தாம் அதிகாரம், கடைசி ஆறு வசனங்கள். ஆவலுடன் காத்திருக்கிறோம்." பாவம், அவருக்கு ஆஸ்பத்திரி விவகாரம் ஒன்றும் தெரியாது.

முதல் இரண்டு சுற்றிலும் அக்கா அந்த இடத்தில் பவுல் கட்சி. "கலப்பையில கை வச்சவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பவுல் கறாரா இருந்ததாலதான் வேலை நடந்துச்சு" என்று இரண்டு வருடமும் அடித்துப் பேசியிருந்தார். அன்று காலை அதையே பேச ஆரம்பித்தார். ஒரு நிமிடம் ஓடியதும் நிறுத்தினார். திருப்பிப் போட்டுக் கேட்டார். சாப்பாட்டு இடைவேளையில் அண்ணனிடம் கத்திய அதே குரல் துணி அறைக்குள் கேட்டது. அழித்தார்.

இன்னொரு வழி இருந்தது. பெரும்பாலோர் சொல்வதுதான்: பிரிந்தது நல்லதுக்கே, ஒரு குழு இரண்டு குழுவானது, ஊழியம் இரண்டு மடங்கானது. அதையும் பேசிப் பார்த்தார். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சண்டைக்குச் சலவைச் சட்டை மாட்டி மாப்பிள்ளை ஆக்குகிற வேலை. அதையும் அழித்தார்.

மூன்றாவது வழி எல்லாவற்றையும்விட எளிது. பவுல் பல காலம் கழித்து ஒரு கடிதத்தில் அதே மாற்கைத் தன்னிடம் கூட்டி வரச் சொல்வார். அவன் தனக்கு உதவியானவன் என்பார். அதைச் சொன்னால் கதை சுபமாக முடிந்துவிடும். ஆனால் அது வேறு இடம், வேறு நாள். முன்னால் ஓடுவது. ஸ்தேவானுக்காக அழுத ஆயாவுக்குக் கொடுக்காத சலுகையைத் தனக்கு மட்டும் எப்படிக் கொடுத்துக்கொள்வது?

நேரம் ஐந்து ஐம்பத்தாறு. வெளியே முதல் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. விளக்கம் எதுவும் வேண்டாம், ஆறு வசனத்தையும் வாசித்தாவது அனுப்பிவிடலாம் என்று வாய்விட்டு வாசித்தார். முடித்துவிட்டு இன்னொரு முறை வாசித்தார். பிறகு பொத்தானை அழுத்தினார். அன்று அனுப்பிய ஆடியோ ஒன்றரை நிமிடம்தான்.

"ஸ்தோத்திரம். இன்னைக்கு ரெண்டு பெரியவங்க சண்டை போட்டுப் பிரியுறாங்க. நான் ரெண்டு வருஷமா பவுல் பக்கம்தான் நியாயம்னு சொல்லிட்டு இருந்தேன். இப்ப படிச்சேன். எழுதினவர் அப்படி எழுதல. யார் பக்கமும் எழுதல. நான்தான் சேர்த்துச் சொல்லியிருக்கேன், மன்னிச்சிடுங்க. இன்னொண்ணு. மாற்கு பாதியில போனான்னு இருக்கு. ஏன் போனான்னு இல்ல. பவுல் பேசுறார், பர்னபா பேசுறார். மாற்கு ஒரு வார்த்தை பேசல. அவன்கிட்ட யாரும் கேட்ட மாதிரி தெரியல. நானும் கேட்கல. அவ்வளவுதான்."

நடபடி என்ன என்று அன்று கேட்கவில்லை. ஆமெனும் மறந்துபோனது.

கை கூப்பும் படங்களும் பூக்களும் வந்து குவிகிற குரூப்பில் அன்று ஒன்றும் வரவில்லை. 'நானும் கேட்கல' என்றால் யாரை என்று தெரிந்தவர்களுக்குத் தெரிந்தது. கணக்கு வாத்தியார் மட்டும், "வசன எண்கள் சரி" என்று எழுதினார்.

மத்தியானம் அக்கா இழுப்பறையைத் திறந்து மனுவை எடுத்தார். அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். மறுநாள் தையல்காரி ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு வந்தாள். ஏதோ ஆயத்த ஆடைக் கடையில் பேண்ட் காலுக்கு மடிப்பு அடிக்கும் வேலையில் இருந்தாள். சட்டைக் காலரில் நூலோடு ஓர் ஊசி குத்தியபடியே இருந்தது. இரண்டு தேநீரை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அக்காவுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"அன்னைக்கு ஏன் போன?"

தையல்காரி தேநீர்க் கோப்பையைத் தொடவில்லை. "நீங்க கேட்டா சொல்றதுக்கு நாலு காரணம் யோசிச்சு வச்சிருந்தேன்க்கா. பாப்பாவுக்கு உடம்பு சரியில்ல, மாமியார் விழுந்துட்டாங்க, அப்படி. எதுவும் நிஜமில்ல. பயம்தான்."

"வேற எதுவுமே இல்லையா?"

"இல்லக்கா. ஒரு விரிப்பைத் தைக்க எடுத்தேன். ஈரமா இருந்துச்சு. யார் கிடந்ததோன்னு தோணுச்சு. கை வேலை செய்யல. அதுக்கப்புறம் உங்களையெல்லாம் பார்க்க முகமில்ல. அண்ணன் படுத்துட்டார்னு கேள்விப்பட்டு ரெண்டு தடவை கேட் வரைக்கும் வந்து திரும்பிட்டேன்."

"இப்ப பயம் போயிடுச்சா?"

போய்விட்டது என்று சொல்லியிருந்தால் அக்கா அப்போதே எழுந்து போயிருப்பார். பின்னால் ஒருமுறை அவரே அப்படிச் சொன்னார்.

"போகலக்கா. இருக்கு. ஆனா வேலை தெரியும்."

அக்கா தன் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு அவளுடையதையும் அவள் பக்கம் நகர்த்தி, "ஆறுது, குடி" என்றார்.

பரிந்துரைப் படிவத்தில் 'நடத்தை' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் 'நன்று' என்று எழுதிவிட்டுப் போகிற கட்டம். அக்கா அதில் எழுதினார்: 'நன்றாகத் தைப்பார். ஒருமுறை வேலையைப் பாதியில் விட்டுப் போனார். ஏன் என்று கேட்டேன். உண்மையைச் சொன்னார்.' படிவத்தை வாங்கிய அலுவலகக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்னங்க இது, இதையெல்லாமா எழுதுவாங்க?"

"நடந்ததைத்தானே எழுதியிருக்கேன்?"

"ஒரு வார்த்தையில எழுதக் கூடாதா?"

"ஒரு வார்த்தையில நடக்கலியே!"

அவர் முத்திரையைக் குத்திவிட்டார். விட்டால் இந்த அம்மா வசனம் சொல்ல ஆரம்பித்துவிடும் என்ற பயம்.

அடுத்து அக்கா அறுவைச் சிகிச்சைக் கட்டடத்துக்கு நடந்தார். மெதுவா அண்ணன் பச்சைத் துணிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணைச் சேர்த்துட்டேன்ணே."

"கேள்விப்பட்டேன்."

"அன்னைக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தார் அக்கா. அண்ணன் கையை உயர்த்தினார்.

"ஆடியோ கேட்டேன்ம்மா. போதும்."

"நீங்க திரும்பி வரலாமே. ரோலர் உங்களைத்தான் தேடுது. புதுசா வந்தவன் விரிப்பைப் பப்படமாப் பொரிக்கிறான்."

அவர் சிரித்தார். ஆனால் தலையை அசைத்தார். "இங்க பழகிடுச்சு. இவங்களும் என்னைப் பழகிட்டாங்க. மெதுவா பார்ப்போம்."

அக்கா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. திரும்பி வரும் வழியில் கொஞ்சம் அழுதார் என்று லிஃப்ட் இயக்குபவர் சொல்கிறார். தூசி விழுந்தது என்று அக்கா சொல்கிறார். அண்ணன் இன்னும் திரும்பி வரவில்லை. இரண்டு குரூப்பும் நடக்கின்றன. அண்ணனின் தியானத்தை அக்கா தினம் தவறாமல் கேட்கிறார். ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்து. "இல்லாட்டி அவர் ஆமென் சொல்றதுக்குள்ள எனக்கு மத்தியானம் ஆயிடும்" என்கிறார். அண்ணனுக்கு இது தெரியும். போன மாதம், "தங்கச்சி வேகமா ஓட்டிக் கேட்கிற இடத்துல, இந்த வார்த்தையை மட்டும் கொஞ்சம் நிறுத்திக் கேட்கணும்" என்று தியானத்தின் நடுவிலேயே சொல்லிவைத்தார்.

தையல்காரி வேலைக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. பழைய மெஷினும் பழைய நாற்காலியும் அவளுக்கே வந்தன. மற்றவர்கள் அவளோடு அளந்துதான் பேசுகிறார்கள். அக்காவும் குழைந்து பேசுவதில்லை. ஒட்டுப்போட்ட விரிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ம்" என்று கீழே வைப்பார். அவருடைய 'ம்'முக்கு அங்கே மதிப்பு அதிகம்.

போன வியாழக்கிழமை தொற்று வார்டிலிருந்து மூன்று சிவப்புப் பைகள் வந்தன. வாய் இறுகக் கட்டிய பைகள். அவற்றைப் பிரித்துத் தனி மெஷினில் போட இரண்டு ஆள் வேண்டும். அன்று முறைப்பட்டியலில் அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் தையல்காரியின் பெயர் இருந்தது. எழுதியவர் அக்காதான், வேண்டுமென்று எழுதவும் இல்லை, வேண்டாமென்று தவிர்க்கவும் இல்லை. வரிசையில் வந்தது.

தையல்காரி எழுந்து வந்தாள். முகக்கவசம் போட்டாள், அங்கி போட்டாள். பைகளுக்கு நாலடி தள்ளி நின்றுவிட்டாள். இரண்டு கைகளையும் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டாள். மற்றவர்கள் துணியை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார்கள். ரோலர்காரன் மட்டும் வாசலைப் பார்த்தான், போகிறாளா என்று.

அக்கா அலமாரியிலிருந்து நீளக் கையுறை ஒரு ஜோடியை எடுத்தார். ஒன்றை உதறி, அதன் வாயை நான்கு விரல்கள் கொடுத்து இரண்டு பக்கமும் அகல விரித்தார். அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டருக்கு நர்ஸ் பிடிப்பதுபோல, தையல்காரியின் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, அவள் கை அக்குளிலிருந்து வெளியே வரும்வரை அப்படியே நின்றார்.